ஆட்குறைப்பு நடக்கும் மருத்துவமனை, அசையாத மேல்மட்டச் சம்பளம்: மகஜரில் என்ன கேட்பது?

சுங்கைக்கரை

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒரு தனியார் மருத்துவமனை முப்பது பேரை நிறுத்தினால், அது கோலாலம்பூரில் முப்பது பேரை நிறுத்துவது போல் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்தில் ஆள் தேவை குறைந்துவிட்டது. இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோவோடு (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) மாதச் சம்பளம் கிடைக்கும் இடம் இங்கே விரல் விட்டு எண்ணக்கூடியது. வார்டு உதவியாளர், சமையலறை, சலவை, பதிவேட்டு அறை, இந்த வேலைகள் போனால் அடுத்த வேலைக்கு ஈப்போ வரை பஸ் ஏற வேண்டும்.

வட்டாரக் குடியிருப்பாளர்கள் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்க ஒரு மகஜர் தயாராகிறது. முதல் நகலில் இரண்டே கோரிக்கை. தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கு மாதம் 25,000 வெள்ளி (ரிங்கிட்) உச்சவரம்பு. ஆட்குறைப்பு நடக்கும் ஆண்டில் மேல்மட்டத்துக்குப் போனஸ் கூடாது. எந்த மருத்துவமனையின் பெயரும் வராது, கேட்பது பொது விதி. கணக்கும் சட்டமும் வார்டும் தெரிந்தவர்கள் இதில் ஓட்டை எங்கே என்று காட்டுங்கள். அமைச்சில் போய் அசடு வழிவதைவிட இங்கேயே அடி வாங்குவது நல்லது.

கணக்குநோட்டு

அண்ணே, முதலில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். இது மாதிரிக் கணக்கு, எந்த மருத்துவமனையின் கணக்கும் இல்லை.

60 படுக்கை மருத்துவமனை. மேல்மட்டத்தில் நான்கு பேர், மாதச் சம்பளம் 38,000, 22,000, 18,000, 15,000. மொத்தம் 93,000 வெள்ளி. நிறுத்தப்படும் 30 பேரின் சராசரிச் சம்பளம் 2,100. முதலாளி பங்கு இ.பி.எஃப் 13 விழுக்காடு, சொக்சோ சுமார் 1.75, வேலைக் காப்புறுதி 0.2 சேர்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 2,414. முப்பது பேருக்கு மாதம் 72,420.

உங்கள் 25,000 உச்சவரம்பு ஒருவரைத்தான் தொடுகிறது. மிச்சம் 13,000, அதிகச் சம்பளத்துக்கான இ.பி.எஃப் 12 விழுக்காடும் சேர்த்து 14,560. அது ஆறு வேலையைக் காக்கும், அவ்வளவுதான்.

நான்கு பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் இ.பி.எஃப் உட்பட மாதம் 34,720. பதினான்கு வேலை. மூன்று மாதப் போனஸை நிறுத்தினால் 279,000, இ.பி.எஃப் சேர்த்து 312,480, மாதத்துக்குப் பிரித்தால் 26,040. இன்னும் பத்து வேலை. இரண்டும் சேர்ந்தால் முப்பதில் ஏறக்குறைய இருபத்தைந்து.

ஆகவே உச்சவரம்பைவிடப் போனஸும் தற்காலிகச் சம்பளக் குறைப்பும்தான் கனமானவை. எல்லா வேலையும் இதனால் தப்பும் என்று மகஜரில் எழுதாதீர்கள், எழுதினால் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் போடுவதில்லை. அந்த 30 பேரும் சராசரி ஏழு வருடம் வேலை செய்தவர்கள் என்றால், சட்டப்படியான பணிநீக்க உதவி தலைக்கு சுமார் 9,666 வெள்ளி, மொத்தம் 289,973. மாத மிச்சம் 72,420. அதாவது முதல் நான்கு மாத மிச்சம் முழுவதும் அந்த உதவிக்கே போகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார நோட்டீஸ். வேலை வாங்காமல் பணமாகக் கொடுத்து அனுப்பினால் இன்னும் இரண்டு மாதம். ஆட்குறைப்பால் முதல் அரை வருடத்தில் ஒரு காசும் மிஞ்சாது. பணத்தட்டுப்பாடு இந்த மாதமே என்றால், உடனே பலன் தருவது மேல்மட்டக் குறைப்புதான். நியாயம் என்பது ஒருபுறம், வெறும் கணக்காகப் பார்த்தாலும் வரிசை இதுதான்.

வார்டுக்கதவு

கணக்கு சரி. ஆனால் "மருத்துவம் சாராத பணியாளர்கள்" என்று தலைப்புப் போட்டு யாரை முதலில் வெட்டுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள் அண்ணே. அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

வார்டு உதவியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். புரட்ட இரண்டு பேர் வேண்டும். உதவியாளர் இல்லையென்றால் இரண்டாவது ஆளும் தாதிதான். அந்த நேரத்தில் மருந்து கொடுக்கும் சுற்று நின்றுபோகும். எக்ஸ்ரேக்கு நாற்காலி தள்ளவும் தாதி. டிஸ்சார்ஜ் ஆன படுக்கையைத் துடைத்து விரிக்க ஆள் இல்லாமல் அது மூன்று மணி நேரம் காலியாகக் கிடக்கும், கீழே அவசரப் பிரிவில் ஆள் காத்திருப்பார்.

பதிவேட்டு, பில் எழுதும் குமாஸ்தாக்கள் போனால் அடி நேரே கல்லாவில் விழும். காப்புறுதி நிறுவனத்தின் ஜி.எல். கடிதம் (பணம் கட்டுவோம் என்ற உத்தரவாதக் கடிதம்) தாமதமாகும், நோயாளி டிஸ்சார்ஜ் ஆக மாலை வரை உட்காருவார், கோப்பு முழுமை இல்லாமல் போன கிளைம் திரும்பி வரும். பணம் வர நாள் ஆகும். பணம் வரவில்லை என்றுதானே ஆட்களைக் குறைத்தார்கள்?

அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் பிரிவில் இரண்டு பேரைக் குறைத்தால், அடுத்த செட் தயாராகாமல் மதிய அறுவைகள் மறுநாளுக்குத் தள்ளும். அறுவை அரங்குதான் தனியார் மருத்துவமனைக்கு வருமானம் தரும் இடம்.

எத்தனை பேர் என்பதோடு எந்த வேலை, அந்த வேலையை இனி யார் செய்வார் என்றும் மருத்துவமனை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் நிர்வாகி கையெழுத்துப் போட வேண்டும். இதை மூன்றாவது கோரிக்கையாகச் சேருங்கள்.

சட்டவாசல்

மூன்று விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனைகளை ஆள்வது 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டமும் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும். மருத்துவரின் கட்டணத்துக்கு அதில் 13ஆம் அட்டவணை இருக்கிறது. அறை வாடகை, மருந்து, பொருள்கள், இவற்றுக்கு அந்த அட்டவணையில் வரம்பு இல்லை. நிர்வாகி சம்பளம் அந்தச் சட்டத்தின் பேச்சிலேயே இல்லை. ஆனால் உரிமத்துக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் சுகாதாரத் தலைமை இயக்குநருக்கு உண்டு. கோரிக்கையை அங்கே பொருத்தலாம்.

அடுத்தது கம்பெனிச் சட்டம் 2016, 230ஆம் பிரிவு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்திலும் அதன் துணை நிறுவனங்களிலும் இயக்குநர் கட்டணத்தையும் சலுகைகளையும் பங்குதாரர் பொதுக்கூட்டம் ஏற்க வேண்டும். துணை நிறுவனத்தின் பொதுக்கூட்டம் என்றால் தாய் நிறுவனமேதான், அதை மறந்துவிடாதீர்கள். சாதாரண செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்றால் இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளலாம். எதிர்த்துத் தீர்மானம் கேட்கும் உரிமை 10 விழுக்காடு வாக்குரிமை உள்ள பங்குதாரர்களுக்குத்தான். தொழிலாளிக்கும் ஊராருக்கும் அதில் இடமே இல்லை. இயக்குநர் குழுவில் உட்காராத தலைமை நிர்வாகிக்கு அந்தப் பிரிவு பொருந்தவும் பொருந்தாது. 2021ஆம் ஆண்டின் நிறுவன ஆளுகை நெறிமுறை ஐந்து மூத்த நிர்வாகிகளின் வருமானத்தை 50,000 வெள்ளிப் படிகளில் வெளியிடச் சொல்கிறது. அது பட்டியலிட்ட தாய் நிறுவனத்தின் மேல்மட்டத்துக்கு. பட்டணத்தில் இருக்கும் மருத்துவமனையின் நிர்வாகி அந்த ஐவரில் வரமாட்டார்.

மூன்றாவது, நமக்குக் கைகொடுப்பது. ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாள் முன்பு முதலாளி தொழிலாளர் இலாகாவில் பி.கே. பாரம் கொடுக்க வேண்டும். நீக்கம், தானாக விலகும் திட்டம், தற்காலிக வேலை நிறுத்தம், சம்பளக் குறைப்பு நான்கும் அதில் வரும். ஏற்கெனவே இருக்கும் தாள், தேதியோடு இருக்கும் தாள். நிர்வாகி சம்பளக் கட்டுப்பாட்டை இந்தத் தாளோடு கட்டுங்கள். பாரம் போன நாளில் கட்டுப்பாடு தொடங்கும். நிரந்தர உச்சவரம்பு கேட்டால் பத்து வருடம் விவாதிப்பார்கள். "பாரம் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம்" என்று கேட்டால் பேச முடியும்.

செம்பனைக்காடு

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. தோட்டப் பட்டணத்துக்கு நல்ல நிர்வாகி வருவதே அரிது. மருத்துவமனையின் பொறுப்பாளராகப் பதிவு பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஈப்போவில் அதிகம் கிடைத்தால் அவர் இங்கே ஏன் இருக்க வேண்டும்? அவர் போய்விட்டால் உரிமமே கேள்விக்குறி. முப்பது வேலையைக் காக்கப் போய் நூற்றைம்பது வேலையை இழக்க வேண்டாம்.

அதோடு நிபுணர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்களே இல்லை, சொந்தக் கட்டணத்தில் இயங்குபவர்கள். மருத்துவமனைச் செலவில் பெரிய பகுதி மருந்தும் கருவியும் வாடகையும். நான்கு பேர் சம்பளத்தில் மட்டும் கண் வைப்பது சரியா?

கணக்குநோட்டு

ஐயா சொல்வதில் பாதி சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பொறுப்பாளரான மருத்துவர் நோயாளிகளைப் பார்த்து வாங்கும் பணத்தைத் தொடக்கூடாது. நிர்வாகப் பொறுப்புக்கு வாங்கும் பணம் மட்டும் கணக்கில் வரட்டும். அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. 2017இல் வந்த வரிச் சட்டம், லாபநோக்கமற்ற அமைப்பில் ஒரு மில்லியன் டாலருக்கு மேல் போகும் ஊதியத்துக்கு 21 விழுக்காடு வரி போட்டது. மருத்துவச் சேவைக்காக வாங்கும் ஊதியத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

ஆனால் அந்த வரியை அப்படியே நாம் நகல் எடுக்கக்கூடாது. வரியைக் கட்டுவது நிர்வாகி இல்லை, மருத்துவமனை. நட்டத்தில் இருக்கும் மருத்துவமனை, நோயாளி கொடுத்த பணத்தில் இன்னும் 21 விழுக்காடு கட்டும். ஓட்டை பெரிதாகிறது, நிர்வாகி கையில் ஒரு வெள்ளியும் குறையவில்லை.

ஏட்டுச்சுவடி

வெளிநாட்டு அனுபவத்தில் இன்னும் மூன்று நமக்குப் பயன்படும்.

நியூயார்க் மாநிலம் 2012இல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் 38ஆம் ஆணை வழியாக, மாநில அரசுப் பணம் வாங்கும் சேவை அமைப்புகளில் நிர்வாகி ஊதியத்துக்கு அரசுப் பணத்திலிருந்து 199,000 டாலருக்கு மேல் போகக்கூடாது என்றது. எந்த மூலத்திலிருந்து வந்தாலும் கட்டுப்பாடு என்று இன்னொரு விதியும் சேர்த்தது. 2018இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் முதல் விதியை ஏற்று, இரண்டாவதை நீக்கியது. அரசு தன் பணத்துக்கு நிபந்தனை போடலாம், தனியார் பணத்தின் மேல் ஓர் இலாகாவின் ஒழுங்குவிதி வழியாகக் கை வைக்க முடியாது என்பது அதன் சாரம். அரசுப் பணத்துக்கு மட்டும் வரம்பு என்றால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளத்தை வேறு பையிலிருந்து கொடுத்துவிட்டு அரசுப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடலாம். பணத்துக்கு நிறம் இல்லை.

2014இல் கலிஃபோர்னியாவில் மருத்துவமனைத் தொழிற்சங்கம், லாபநோக்கமற்ற மருத்துவமனை நிர்வாகிக்கு 450,000 டாலர் வரம்பு கேட்டு மக்கள் வாக்கெடுப்புக்குக் கையெழுத்துச் சேகரித்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸில் தாதியர் சங்கம், மிகக் குறைந்த சம்பளக்காரரைப் போல நூறு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று கேட்டது. இரண்டும் வாக்கெடுப்புக்கு வரவில்லை, பேச்சுவார்த்தையில் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் மாசசூசெட்ஸில் அதற்கு ஈடாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற வரம்பு சட்டமானது. சம்பள வரம்பைக் கேட்டுப் பணியாளர் எண்ணிக்கையைப் பெற்றார்கள். வார்டுக்கதவு அக்கா சொன்னதற்கு அது பொருத்தமான முன்னுதாரணம்.

மூன்றாவது ஸ்டீவர்ட் ஹெல்த் கேர் என்ற அமெரிக்கத் தனியார் மருத்துவமனை நிறுவனம். 2016இல் மருத்துவமனைக் கட்டடங்களை 1.25 பில்லியன் டாலர் உடன்பாட்டில் ஒரு நிலச்சொத்து நிதியிடம் கொடுத்துவிட்டு, அதே கட்டடங்களுக்கு வாடகை கட்டியது. 2024 மே மாதம் திவால் மனு. ஆகஸ்ட் 31ஆம் தேதி மாசசூசெட்ஸில் இரண்டு மருத்துவமனைகள் மூடப்பட்டன. தலைமை நிர்வாகி ரால்ஃப் டி லா டோரே செனட் குழுவின் முன் வர மறுத்தார், செப்டம்பரில் அவையே அவர் மீது அவமதிப்புத் தீர்மானம் போட்டது. அங்கே பணம் வெளியேறிய பெரிய வாசல் சம்பளம் இல்லை. செம்பனைக்காடு ஐயா வாடகையைச் சொன்னாரே, அதுதான்.

சுங்கைக்கரை

அப்படியானால் "சம்பளம்" என்ற சொல்லே போதாது போலிருக்கிறது. வேறு என்னென்ன வாசல் என்று யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா?

கணக்குநோட்டு

தாய் நிறுவனத்துக்குப் போகும் நிர்வாகக் கட்டணம் முதலில். பெரும்பாலும் வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று ஒப்பந்தம் இருக்கும். நட்டம் வந்தாலும் அது போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது லாபத்தில் இல்லை, வருமானத்தில். தலைமை நிர்வாகியின் சம்பளத்தைத் தாய் நிறுவனம் கொடுத்துவிட்டு இந்தக் கட்டணமாக வசூலித்தால், மருத்துவமனையின் ஏட்டில் நிர்வாகி சம்பளம் பூஜ்யம் என்று தெரியும்.

பிறகு கட்டட வாடகை, இயக்குநரின் உறவு நிறுவனத்துக்குப் போகும் ஆலோசனைக் கட்டணம், கார், வீடு, விலகும்போது தரும் தொகை. லாபப்பங்கு தனி.

உத்தரவாத வரம்பு நிறுவனமாக (பங்கு மூலதனம் இல்லாத நிறுவனமாக) நடக்கும் அறக்கட்டளை மருத்துவமனைக்கு லாபப்பங்கு கொடுக்கச் சட்டத்தில் தடை உண்டு. அங்கே சம்பளமும் கட்டணமும்தான் பணம் வெளியேறக்கூடிய வழி. ஆகவே அறக்கட்டளை என்ற பெயருக்காக விலக்குத் தராதீர்கள்.

இவற்றைத் தேட ஒரு வழி. எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) தளத்தில் எந்த நிறுவனத்தின் தணிக்கை செய்த கணக்கையும் கட்டணம் செலுத்தி வாங்கலாம். குறிப்புகள் பகுதியில் "தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிவர்த்தனை" என்று ஒன்று வரும். நிர்வாகக் கட்டணம், வாடகை, முக்கிய நிர்வாகிகளின் மொத்த ஊதியம் அங்கே இருக்கும். ஆள்வாரியாக இராது, மொத்தமாகத்தான். விலக்குப் பெற்ற தனியார் நிறுவனம் என்றால் கணக்குக்குப் பதில் ஒரு சான்றிதழ் மட்டும் தாக்கல் செய்யலாம். ஆனால் இன்னொரு நிறுவனம் பங்கு வைத்திருந்தால் அந்த விலக்குக் கிடைக்காது. மருத்துவமனைகள் பலவும் அப்படித்தான்.

இதிலும் ஒரு குறை. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கை உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு 30 நாளில் தாக்கல். நம் கையில் வரும்போது ஆட்குறைப்பு முடிந்து ஏழு மாதமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். ஆகவே கணக்கைப் பி.கே. பாரத்தோடு சேர்த்தே கொடுக்கச் சொல்ல வேண்டும், அதே 30 நாளுக்குள்.

பால்மரத்தடி

தொழிலாளியின் பக்கம் நின்று சிலவற்றைச் சேர்க்கிறேன். மகஜர் நிறைவேற வருடங்கள் ஆகலாம், நோட்டீஸ் நாளைக்கே வரலாம்.

பணிநீக்க உதவி 1980ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி: ஒரு வருடம் முடித்து இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். முழுமையாகாத வருடத்துக்கு மாதக் கணக்கில் விகிதம். வேலை முடிந்து ஏழு நாளுக்குள் கையில் வர வேண்டும்.

"ஒரு நாள் சம்பளம்" என்றால் என்ன என்பதில்தான் பிசகு. கடைசி 12 மாதத்தில் வாங்கிய சம்பளத்தைக் கூட்டி 365ஆல் வகுக்க வேண்டும். மிகுதி நேர வேலைப் பணமும் ஷிஃப்ட் அலவன்ஸும் அந்தக் கூட்டலில் வரும். 1,900 வெள்ளி அடிப்படைச் சம்பளம், 11 வருடம் என்றால் 13,742 வெள்ளி. மாதம் 350 வெள்ளி மிகுதி நேரப் பணம் இருந்தால் 16,274. வித்தியாசம் 2,500 வெள்ளிக்கு மேல். ஆட்குறைப்புக்கு ஒரு வருடம் முன்பே மிகுதி நேரத்தை நிறுத்தினால் உதவித் தொகையும் சுருங்கும். மிகுதி நேரத்தைக் குறைப்பது 1975ஆம் ஆண்டின் தொழில் இணக்க நெறிமுறை பரிந்துரைக்கும் முதல் படிகளில் ஒன்றுதான், தவறில்லை. ஆனால் உதவித் தொகையைக் குறைப்புக்கு முந்திய சம்பளத்தில் கணக்கிட வேண்டும் என்று மகஜரில் கேளுங்கள்.

4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் மூத்த தாதிக்கு இந்தச் சட்ட உதவி இல்லவே இல்லை. ஒப்பந்தத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ இருந்தால்தான். இருபது வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தவர் வெறுங்கையோடு போகிறார், விலகும் நிர்வாகிக்கு ஒப்பந்தத்தில் எழுதிய தொகை கிடைக்கிறது. இந்த மகஜர் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

வேலை போனவர்கள் 60 நாளுக்குள் சொக்சோவில் வேலைக் காப்புறுதிக்கு மனுச் செய்ய வேண்டும். நீக்கம் நியாயமற்றது என்றால் தொழில்துறை உறவுச் சட்டம் 20ஆம் பிரிவில் அதே 60 நாளுக்குள் மனு. இரண்டும் தனித்தனி, ஒன்றைச் செய்தால் மற்றது செய்ததாக ஆகாது. உதவித் தொகை வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

வார்டுக்கதவு

குத்தகை முறையை விட்டுவிட்டீர்களே.

பால்மரத்தடி

சரிதான் அக்கா. வேலைச் சட்டம் 60என் பிரிவு, ஒரே தர வேலையில் உள்ளூர்த் தொழிலாளிக்கு முன் வெளிநாட்டுத் தொழிலாளியை நிறுத்த வேண்டும் என்கிறது. மருத்துவமனை தன் சொந்த உதவியாளரை நிறுத்திவிட்டு அதே வேலையைக் குத்தகைக்காரரிடம் கொடுத்தால், குத்தகைக்காரர் வேறு முதலாளி. 60என் அங்கே எட்டாது.

அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, சலவை, கழிவு, பராமரிப்பு எல்லாம் 1990களின் பிற்பகுதியிலேயே குத்தகை நிறுவனங்களிடம் போனவை. அரசு மருத்துவமனையின் இயக்குநருக்குப் பொதுச்சேவைச் சம்பளம், அதில் பிரச்சினை இல்லை. அவருக்குக் கீழே கூட்டிப் பெருக்கும் அம்மாவின் முதலாளி குத்தகை நிறுவனம். ஒப்பந்தம் கை மாறும்போதெல்லாம் வருடக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் அபாயம். 2020 ஜூனில் ஈப்போ பொது மருத்துவமனை முன் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியலில் நின்றவர்கள் கைது செய்யப்பட்டது நினைவிருக்கும். கட்டுப்பாடு குத்தகை நிறுவனத்தின் மேல்மட்டத்துக்கும் வர வேண்டும், அங்கே வருவது முழுக்க அரசுப் பணம். நியூயார்க் முறை அப்படியே பொருந்தும் இடம் அது.

செம்பனைக்காடு

குத்தகை விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். தற்காலிகம், 12 மாதம், மருத்துவ வருமானத்துக்கு விலக்கு என்றால் என் முதல் ஆட்சேபணையும் பெரும்பாலும் தீர்கிறது. ஒன்று மட்டும் பாக்கி. ஏற்கெனவே கையெழுத்தான நிர்வாகி ஒப்பந்தத்தை எப்படி மாற்றுவீர்கள்? ஒருதலையாகச் சம்பளத்தைக் குறைத்தால் அவர் வழக்குப் போடுவார்.

சட்டவாசல்

போடலாம், ஆகவே வரிசை முக்கியம். மருத்துவமனையின் விருப்பத்தில் கொடுக்கும் போனஸ் ஒப்பந்த உரிமை இல்லை, முதலில் அதை நிறுத்தலாம். அடுத்து அந்த ஆண்டின் சம்பள உயர்வு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். புதிய ஒப்பந்தங்களில் "பி.கே. பாரம் தாக்கலானால் 12 மாதத்துக்கு இன்ன விழுக்காடு குறையும்" என்ற வரி கட்டாயம் என்று உரிமம் புதுப்பிக்கும்போது நிபந்தனை போடலாம். பழைய ஒப்பந்தத்தைச் சட்டம் பின்தேதியிட்டு உடைக்கட்டும் என்று கேட்காதீர்கள், கிடைக்காது.

தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் இன்னொரு வழி. யாரை நீக்குவது என்பது கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வராது. ஆனால் 2021இல் அமலான திருத்தத்துக்குப் பிறகு ஆட்குறைப்பு பற்றிய பொதுவான கேள்விகளைச் சங்கம் எழுப்ப முடியும். உதவித் தொகையின் அளவை எப்போதும் பேசலாம். 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கும் உதவி என்ற வரியை அங்கே வாங்கிவிடலாம், நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

யாரிடம் கொடுப்பது என்பதும் கவனம். சுகாதாரமும் தொழிலாளர் விவகாரமும் கூட்டரசுப் பட்டியலில் இருப்பவை. சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தால் படம் எடுத்துக்கொள்ளலாம், சட்டம் வராது. நாடாளுமன்ற உறுப்பினர், சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவ நடைமுறைக் கட்டுப்பாட்டுப் பிரிவு, மனிதவள அமைச்சு மூன்றுக்கும் தனித்தனி நகல். மாநில அரசு நிலத்திலோ பங்கிலோ சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் மாநிலத்துக்கும் ஒன்று.

சுங்கைக்கரை

எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய நகல். 25,000 உச்சவரம்பை எடுத்துவிட்டேன்.

"பன்னிரண்டு மாதத்துக்குள் மொத்தப் பணியாளர்களில் 5 விழுக்காடு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அந்த எண்ணிக்கையில் நீக்கம், தானாக விலகும் திட்டம், தவணை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமை, குத்தகைக்கு மாற்றுதல் ஆகிய எந்த வழியிலும் வேலை இழந்தால் இவ்விதி தொடங்கும். மாதம் நான்கு பேராகப் பிரித்து நீக்கினாலும் கூட்டிக் கணக்கிடப்படும்.

விதி தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம், நிர்வாகப் பொறுப்பில் அதிக ஊதியம் பெறும் ஐவருக்குப் போனஸும் சம்பள உயர்வும் இல்லை. தாய் நிறுவனமோ உறவு நிறுவனமோ கொடுத்தாலும் அது ஊதியமே. நோயாளிகளைப் பார்த்துப் பெறும் மருத்துவக் கட்டணத்துக்கு இது பொருந்தாது. அதே காலத்தில் தொடர்புடைய நிறுவனங்களுக்குப் போகும் நிர்வாகக் கட்டணமும் வாடகையும் முந்திய ஆண்டின் அளவைத் தாண்டக்கூடாது. பணியாளரின் உதவித் தொகை முழுவதும் கொடுத்து முடியும் வரை லாபப்பங்கும், விலகும் நிர்வாகிக்குத் தரும் தொகையும் நிறுத்தி வைக்கப்படும்.

பி.கே. பாரத்தோடு மூன்று தாள்கள் இணைக்கப்பட வேண்டும்: அந்த ஐவரின் ஊதியம், தொடர்புடைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம், நீக்கப்படும் ஒவ்வொரு வேலையையும் இனி யார் எந்த நேரத்தில் செய்வார் என்ற பட்டியல். மூன்றாவது தாளில் பொறுப்பாளரான மருத்துவரும் தாதியர் தலைவியும் கையெழுத்திட வேண்டும்."

வார்டுக்கதவு

மூன்றாவது தாளில் இரவு ஷிஃப்டைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி போட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

கணக்குநோட்டு

"முந்திய ஆண்டின் அளவு" என்பதை "முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி" என்று மாற்றுங்கள் அண்ணே. ஒரே ஆண்டை வைத்தால் ஆட்குறைப்புக்கு முந்திய ஆண்டில் கட்டணத்தை ஏற்றி வைத்துக்கொள்ள முடியும்.

பால்மரத்தடி

மிகுதி நேரம் குறைக்கப்படுவதற்கு முந்திய 12 மாதச் சம்பளத்தில் உதவித் தொகை என்ற வரி இன்னும் சேரவில்லை.

சுங்கைக்கரை

மூன்றும் சேர்த்தாயிற்று. உதவித் தொகை வரியை இரண்டாம் பத்தியின் கடைசியில் வைத்திருக்கிறேன். கணக்குநோட்டு தம்பியின் 30 பேர் கணக்கை இணைப்பாக வைக்கிறோம், மாதிரிக் கணக்கு என்று தலைப்பில் எழுதி. மலாய் மொழிபெயர்ப்பில் சட்டச் சொற்களைச் சரிபார்க்க சட்டவாசல் கை கொடுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மூன்று நகலும் தயாராகிவிடும்.

சட்டவாசல்

அனுப்புங்கள். 60என், 230 இரண்டு பிரிவுகளையும் மலாய் மூலத்தில் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்துவிட்டு வியாழன் இரவு திருப்பி அனுப்புகிறேன்.